வினையும் கருவியும் வினைஞரும்

திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்பது 52ஆம் அதிகாரம். அதன் ஏழாம் குறளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ஒரு வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கு முன்பு, செயல் யாது, அதற்குரிய கருவி யாது, அக்கருவியால் அச்செயலை முடிக்கவல்ல ஆள் யார் என்னும் மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பது அதன் கருத்து. அமைச்சரையும் படைத்தலைவரையும் அமர்த்தும் அரசனுக்குச் சொன்ன அறிவுரை என்றே நாம் இதனை வகுப்பில் விளக்கி வருகிறோம். ஆயினும், கணினி பணியிடத்திற்குள் புகுந்து, பணியாளரின் திறனை உயர்த்தியதா தாழ்த்தியதா என்று அறிஞர் வாதிடும் இக்காலத்திற்கும் இக்குறள் பொருந்துவதை எண்ணி வியக்கிறோம்.

கணினி வந்தால் வேலை விரையும் என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு அதனை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. சில இடங்களில் வேலை பன்மடங்கு விரைந்தது. சில இடங்களில் பழைய வேலையோடு புதிய சுமையும் சேர்ந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தைச் சிங்கப்பூரின் வரலாற்றிலிருந்தே, சிறப்பாகத் தமிழர் உழைத்த பணியிடங்களிலிருந்தே, காண முயல்வோம்.

கிட்டங்கியும் அச்சுக்கூடமும்

எந்திரம் வருமுன் பணித்திறன் எங்கே குடியிருந்தது? மனிதரின் மூளையிலும் விரல் நுனியிலும் குடியிருந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை இதற்குச் சான்றாகக் கூறலாம். ஒரே கூடத்தில் பல தொழிலகங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டியும் தாழ்ந்த மேசையும் உரியவை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் பணியாளர்கள் படிமுறையில் அமைந்திருந்தனர். பெட்டியடியில் அமர்ந்து ஏவல் செய்த சிறுவன், ஆண்டுகள் பல கழிந்தபின் பேரேட்டைக் கையாளும் தகுதி பெற்றான். முந்திரி என்பது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. மா என்பது இருபதில் ஒரு பங்கு. இத்தகைய கீழ்வாய் இலக்கங்களை எண்சுவடியில் மனனம் செய்தவர்களே வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டு முடித்தனர்.

அச்சுக்கூடமும் அத்தகையதே. சி. கு. மகுதூம் சாயபு 1887இல் ‘சிங்கைநேசன்’ இதழைத் தொடங்கினார், கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ 1935இல் தோன்றியது. அக்கால இதழ்களை உருவாக்கியவர்களுள் ஆசிரியரை நாம் நினைவுகூர்கிறோம், அச்சுக்கோத்தவரை மறந்துவிடுகிறோம். ஈய எழுத்துகள் அறைகள் பல கொண்ட மரத்தட்டுகளில் கிடக்கும். ஆங்கில எழுத்து இருபத்தாறே. தமிழிலோ, உயிர்மெய் வடிவங்களும் துணைக்குறிகளும் சேர்ந்து நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகள் வேண்டியிருந்தன. அவற்றின் இருப்பிடங்களைக் கை அறிந்திருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாய் நிற்கும் எழுத்துகளைக் கண் படித்தது. அச்சடித்து முடிந்தபின் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதன் அறையில் மீண்டும் இடுவதும் அவருடைய வேலையே. பிழைபட இட்டால், அடுத்த நாள் செய்தியில் பிழை முளைக்கும்.

இவ்விரு தொழில்களிலும் திறன் என்பது ஆளோடு பிறந்து ஆளோடு மறைவது. அந்த ஆள் நோயுற்றால் வேலை நின்றுபோகும். இத்தகைய திறனின் பெருமையும் குறையும் இதுவே.

தட்டச்சு கற்பித்த பாடம்

தமிழ் எழுத்து முதன்முதலாக ஓர் அலுவலக எந்திரத்தை எதிர்கொண்டது தட்டச்சின் வடிவில்தான். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்து பதியும். தாளைத் தாங்கிய உருளை ஓர் இடம் நகரும். தமிழுக்கு இது பொருந்தவில்லை. மெய்யின் தலையில் புள்ளி வைக்கவேண்டும், மேல்விலங்கு இடவேண்டும். ஒவ்வொரு குறிக்கும் உருளை நகர்ந்துகொண்டே இருந்தால், புள்ளி ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலும் விழும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து அலுவலகப் பணி புரிந்த ஆர். முத்தையா இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். சில குறிகளை அழுத்தும்போது உருளை நகராதிருக்கும்படி நகரா விசைகளை அவர் அமைத்தார். அவருடைய விசைப்பலகையைக் கொண்டு செருமனியில் தமிழ்ப் பொறிகள் செய்யப்பட்டன. அவர் மொழியை எந்திரத்திற்கு ஏற்ப வளைக்கவில்லை. எந்திரத்தையே மொழிக்கு ஏற்ப மாற்றினார். ஆங்கில அலுவலகத்தின் பணிமுறையையும் தமிழ் எழுத்தின் இயல்பையும் ஒருங்கே அறிந்தவர் ஆதலின், இது அவருக்குக் கைகூடியது.

மறுபுறம், மொழியும் சிறிது இடங்கொடுத்தது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு, தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை முதலிய எழுத்துகளின் தனி வடிவங்கள் மறைந்து, பொதுத் துணைக்குறிகள் நிலைபெற்றன. சிங்கப்பூரும் பின்னர் அதனைப் பின்பற்றியது. அச்சுக்கோப்பவரின் தட்டிலும் தட்டச்சுப் பலகையிலும் சில இடங்கள் மிச்சமாயின. கருவியும் வினையும் இருபுறமிருந்தும் நெருங்கி வந்தாலன்றிப் பணித்திறன் உயராது என்பதே இக்காலம் கற்பித்த பாடம்.

அரசு எடுத்த முயற்சி

இனி, நாட்டளவில் நிகழ்ந்ததைக் காண்போம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 1972ஆம் ஆண்டு சூன் திங்களில் முதல் கொள்கலக் கப்பல் தஞ்சோங் பகாரில் அணைந்தது. மூட்டைகளை முதுகில் சுமந்த துறைமுகத் தொழிலாளருள் தமிழரும் பலர். கொள்கலம் வந்தபின், தோள் வலிமைக்கு இருந்த மதிப்பு பாரந்தூக்கியை இயக்கும் திறனுக்கும், எந்தப் பெட்டி எங்குள்ளது என்று கணக்கு வைக்கும் திறனுக்கும் மாறியது. 1980களில் அக்கணக்கும் கணினிக்கு இடம் மாறியது.

1981ஆம் ஆண்டில் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. உற்பத்தித்திறன் இயக்கமும் அதே காலத்தில்தான் எழுந்தது. ‘டீமி’ என்னும் தேனீயின் படம் 1982 முதல் நாடெங்கும் காணப்பட்டதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

இம்முயற்சிகளுள் பெரும்பயன் விளைத்தது 1989 சனவரியில் இயங்கத் தொடங்கிய ‘டிரேட்நெட்’ என்னும் வணிக வலையமைப்பு. அதற்குமுன், ஒரு சரக்கை இறக்குமதி செய்யவோ ஏற்றுமதி செய்யவோ அனுமதி பெற, எழுத்தர் படிவங்களை நிரப்புவார். கடைநிலை ஊழியர் அவற்றை அலுவலகம் அலுவலகமாகச் சுமந்து செல்வார். அனுமதி கிடைக்க இரண்டு முதல் நான்கு நாள்கள் ஆகும். டிரேட்நெட் வந்தபின் அதே அனுமதி 10 முதல் 15 நிமிடங்களில் கிடைக்கலாயிற்று.

இந்த விரைவு கணினியால் மட்டும் விளைந்ததன்று. பழைய படிவங்கள் அனைத்தையும் அப்படியே திரையில் ஏற்றியிருந்தால், காகிதத்தில் இருந்த தாமதம் திரைக்கு மாறியிருக்கும், அவ்வளவே. பல அலுவலகங்கள் தனித்தனியே கேட்டவற்றை ஒரே படிவமாகத் தொகுத்து, யார் யாருக்கு எது வேண்டும் என்று ஆராய்ந்து, வேலையின் ஒழுங்கையே முதலில் திருத்தினர். செயலைத் தெளிந்தபின் கருவியை அமைத்தனர். குறளில் முதலில் நிற்பது செயல், அடுத்து நிற்பது கருவி என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

மூன்றாவதாகிய ஆள்

செயலும் கருவியும் அமைந்தபோதும் ஆள் பின்தங்கினால் பயனில்லை. 1980களின் சிங்கப்பூரில் தொடக்கக் கல்வியையும் முடிக்காத தொழிலாளர் பலர் இருந்தனர். புதிய எந்திரங்களின் குறிப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. தாய்மொழியில் மட்டும் கற்றவருக்கும், கல்லாதவருக்கும் அவை மூடிய கதவாயின. கையில் இருபதாண்டுத் திறன் உடையவர், திரையில் ஒரு சொல்லைப் படிக்க இயலாமையால் திறனற்றவராய்த் தோன்றினார்.

இதனை உணர்ந்தே 1983இல் ‘பெஸ்ட்’ என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்டது. ஆங்கிலமும் கணக்கும் அதில் கற்பிக்கப்பட்டன. பகலில் உழைத்து மாலையில் பாடநூலைத் திறந்த அத்தொழிலாளரை நாம் போற்றவேண்டும். எந்திரம் வாங்குவதற்கு ஒரு கையொப்பம் போதும். மனிதர் கற்பதற்கோ காலம் வேண்டும். காலத்தை ஒதுக்காமல் எந்திரத்தை மட்டும் வாங்கிய இடங்களில் அது துணிபோர்த்து மூலையில் நின்ற கதையும் உண்டு.

அறிஞர் கண்ட முடிவு

வெளியுலகிலும் இதே வினா எழுந்தது. கணினி எங்கும் காணப்படுகிறது, ஆனால் உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் அதன் பயனைக் காணோம் என்னும் கருத்தை அமெரிக்கப் பொருளியலறிஞர் இராபர்ட் சோலோ 1987இல் வெளியிட்டார். வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மின்சாரம் வந்த புதிதிலும் தொழிற்சாலைகள் உடனே பயன்பெறவில்லை. நீராவிப் பொறியை அகற்றிய இடத்தில் மின்பொறியை வைத்துவிட்டுப் பழைய அமைப்பிலேயே வேலை செய்தன. ஒவ்வோர் எந்திரத்திற்கும் தனி மின்பொறி பொருத்தி, ஆலையின் அமைப்பையே மாற்றியபின்தான் பயன் பெருகியது. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின என்பது அவர் காட்டிய உண்மை.

தனிமனிதரின் பணித்திறனையும் அறிஞர் ஆராய்ந்தனர். ஒரு கருவி தமக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையும், அதனைக் கையாள்வது எளிது என்ற எண்ணமும் இருந்தாலே மக்கள் அதனை ஏற்பர் என்று பிரெட் டேவிஸ் 1989இல் எழுதினார். டேல் குட்ஹியூ, ரோனல்ட் தாம்சன் ஆகிய இருவரும் 1995இல் ஒருபடி மேலே சென்றனர். கருவியைப் பயன்படுத்தினால் மட்டும் போதாது. செய்யும் வேலைக்கும், செய்கின்ற ஆளுக்கும் அக்கருவி பொருந்தியிருந்தாலே திறன் உயரும் என்பது அவர்தம் கொள்கை. பணி, தொழில்நுட்பம், தனிமனிதர் என அவர்கள் வகுத்த மூன்றும் வள்ளுவர் வகுத்த மூன்றே அல்லவா? வள்ளுவர் கணினியை முன்னறிந்தார் என்று நாம் வீண்பெருமை பேசவேண்டுவதில்லை. வேலையின் இயல்பை ஆழ்ந்து நோக்குவோர் எக்காலத்தவராயினும் ஒரே உண்மையைச் சென்றடைவர் என்று கொள்வதே தகும்.

தமிழாசிரியரும் கணினியும்

இனி நம் இல்லத்திற்கு வருவோம். கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைப் புகுத்தும் பெருந்திட்டம் 1997இல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழி அமையவேண்டும் என்பதும், இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்பதும் இலக்குகள். ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் கணினியைத் திறந்தவுடன் பாடத்தைத் தொடங்க முடிந்தது. தமிழாசிரியரோ எழுத்துருவைத் தேடவேண்டியிருந்தது.

காரணம் இதுதான். அக்காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கெனக் கணினியில் பொது இருக்கை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியது. ஓர் எழுத்துருவில் உருவாக்கிய பயிற்சித்தாள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாய்த் தோன்றும். வீட்டில் இரவெல்லாம் தட்டச்சு செய்த கட்டுரையைப் பள்ளியில் திறந்து, தலையில் கைவைத்த ஆசிரியர் எத்தனை பேர்! எழுத்துருவையும் சேர்த்து வட்டில் சுமந்து சென்றோம். சிலர் மீண்டும் கையெழுத்திற்கே திரும்பினர். அவர்களைச் சோம்பேறிகள் என்றும் மாற்றத்தை அஞ்சுவோர் என்றும் பிறர் எண்ணினர். உண்மையில், கருவி அவர்தம் வினைக்குப் பொருந்தவில்லை. குறையை ஆள்மீது சுமத்துவது எளிது; பொருத்தமின்மையைக் கண்டறிவதே அரிது.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவரும் ஓர் ஆசிரியரே. சிறுகதை எழுத்தாளரும் 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவருமான நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிக்கொண்டே ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் 1995 அக்டோபரில் வெளியானபோது, அதில் தமிழ் தன் வரிவடிவிலேயே ஒளிர்ந்ததற்கு அவர் உழைப்பே காரணம். இணையத்தில் தமிழெழுத்து ஏறிய தொடக்கக்காலத் தளங்களுள் அது ஒன்று. 1997 மே திங்களில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கு கூடியது. பேராசிரியர் தான் தின் வீ அதற்குத் துணைநின்றார். தாய்மொழி தமிழல்லாத ஒருவர் தமிழுக்குச் செய்த தொண்டாக இதனைப் போற்றுகிறோம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாகியது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆக முப்பத்தொன்றே அதன் அடிப்படை. நன்னூல் கற்பிக்கும் முதலெழுத்து முப்பதோடு ஆய்தத்தைக் கூட்டினால் வருவதும் அதுவே. ‘பள்ளி’ என்று எழுத ப, ள, ள, இ என நான்கே விசைகள் போதும். ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானே விழும். தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இது புதிய பாடமன்று. பழைய பாடத்தின் பயிற்சியே. அவ்வாண்டு மே திங்களில் கோவிந்தசாமி மறைந்தார். மறு ஆண்டு, 2000இல், தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருப்பெற்றது. 1991இலேயே தமிழுக்கு இடங்கொடுத்த ஒருங்குறி, படிப்படியாகக் கணினிகள் அனைத்திலும் பரவியது. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றுக்கொண்டது. இன்று பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் உருவாகும் பயிற்சித்தாளை ஈசூனில் உள்ள ஆசிரியர் கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம். எழுத்துரு தேடிய இரவுகள் நமக்குப் பழங்கதையாயின.

மிச்சமான நேரம்

பொருத்தமான கருவி கிடைத்துவிட்டது. ஆசிரியரின் திறன் உயர்ந்துவிட்டதா? 2020 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் பள்ளிகள் யாவும் முழுமையான இல்லம்சார்ந்த கற்றலுக்கு மாறின. 2018இல் பள்ளிகளுக்கெல்லாம் வந்த மாணவர் கற்றல் தளம் அப்போது கைகொடுத்தது. நோய்த்தொற்று வந்த பின்பு கற்கத் தொடங்கியவர்கள் திணறினர். முன்னரே பழகியிருந்தவர்கள் நிலைபெற்று நின்றனர். ஆளுக்குக் காலம் வேண்டும் என்று மேலே கூறியது இங்கும் மெய்யாயிற்று.

அண்மையில் செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. வாடிக்கையாளர் உதவிப் பணியாளர் 5,000க்கு மேற்பட்டோரைப் பற்றி எரிக் பிரின்யொல்ப்சனும் அவருடைய துணைவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவியால் பணித்திறன் சராசரியாக 14 விழுக்காடு உயர்ந்தது. புதியவர்க்கும் திறன் குறைந்தவர்க்கும் 34 விழுக்காடு உயர்ந்தது. தேர்ந்தவர்க்கு மிகச் சிறிதே பயன் கிடைத்தது. தேர்ந்தவர்கள் முன்பு பேசிய உரையாடல்களிலிருந்தே கருவி கற்றுக்கொண்டது ஆதலின், அவர்தம் திறனே புதியவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது எனலாம். பெட்டியடிப் பையன் பல்லாண்டு காத்திருந்து பெற்றதைப் புதியவர் சில திங்களில் பெறுகிறார். இது நன்மையே. ஆனால், பெட்டியடிப் பையன் காத்திருந்த ஆண்டுகளில் கணக்கை மட்டுமா கற்றான்? யாரை நம்பலாம், எப்போது மறுக்கலாம் என்னும் மதிப்பீட்டையும் கற்றான். அம்மதிப்பீடு இல்லாதவர், கருவி சொல்லும் தவறான விடையையும் ஏற்றுக்கொள்வார். தமிழில் இவ்விடர் பெரிது. சந்தியும் இடமரபும் பிறழ்ந்த ஒரு தொடரைக் கருவி தரும்போது, பிழையைக் காண்பதற்கு இலக்கணம் அறிந்த கண் வேண்டும். இப்போது பல்கலைக்கழகத்தில் பயிலும் வருங்கால ஆசிரியரிடம் நாம் முதலில் கேட்கவேண்டுவது அந்தக் கண்ணையே.

இறுதியாக, மிச்சமான நேரம் எங்கே போகிறது என்னும் வினாவையும் நாம் எழுப்பவேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டவும் வினாத்தாளைப் படியெடுக்கவும் செலவான மணிகளைக் கணினி நமக்குத் திருப்பித் தந்தது. அம்மணிகளில் மேலும் பல படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்போமாயின், வேலை பெருகியதேயன்றித் திறன் பெருகவில்லை. வீட்டில் தமிழ் பேச ஆளில்லாத ஒரு மாணவரை அருகில் அமர்த்தி, பத்து நிமிடம் அவரைத் தமிழில் பேசவைக்க அந்நேரம் பயன்படுமாயின், ஆசிரியரின் பணித்திறன் மெய்யாகவே உயர்ந்தது. டிரேட்நெட்டின் பயனை நிமிடத்தால் அளந்தனர். நம் பயனை அம்மாணவரின் வாயிலிருந்து வரும் பிழையற்ற ஒரு தமிழ்த்தொடரால் அளக்கவேண்டும்.

ஆகவே, பள்ளிக்குப் புதிய கருவி ஒன்று வரும்போது, அதன் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்பு ஆசிரியர் கூட்டத்தில் மூன்று வினாக்களை எழுப்புவோம். இதனால் நாம் செய்ய விரும்பும் வேலை யாது? அவ்வேலைக்கும் தமிழுக்கும் இது பொருந்துமா? இதனைக் கற்க ஆசிரியருக்கு எவ்வளவு காலம் தரப்போகிறோம்? இவற்றுக்கு விடை கிடைக்காவிடில், வாங்குவதைச் சிறிது தள்ளிப்போடலாம். முத்தையாவும் கோவிந்தசாமியும் தம் வேலையை நன்கறிந்திருந்தமையால் கருவியை வேலைக்கேற்ப அமைத்தார்கள். அவர்களைப் போன்ற ஒருவர் இன்று நம் வகுப்பின் கடைசி வரிசையிலும் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்குத் தமிழ் இலக்கணத்தையும் கணினியையும் சேர்த்தே கற்பிப்போமாக.